அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரோட் ஐலண்டின் தன்னார்வப் படைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோட் ஐலண்டின் தலைநகர் பிராவிடன்ஸில், மாநிலச் சட்டசபை கூடும் ஸ்டேட் ஹவுஸ் கட்டடத்துக்குள் ஒரு வெண்கலப் பீரங்கி நிற்கிறது. அதன் வாயில் ஓர் இரும்புக் குண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் சிக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிற நண்பர்கள், சொந்தக்காரர்கள் யாரானாலும் ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போய்விடுவேன். பார்த்த கையோடு கேள்விகள் ஆரம்பிக்கும், ஸ்டேட் ஹவுஸ் படி இறங்கி, காரில் ஏறி, வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பிறகும் ஓயாது. ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

ரோட் ஐலண்ட்னா தீவா? அது நாடா, மாநிலமா?

மாநிலம். அமெரிக்காவிலேயே பரப்பில் மிகச் சிறியது. வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்கு 48 மைல், கிழக்கு மேற்காக 37 மைல், அவ்வளவுதான். பெயரில் தீவு இருந்தாலும் பெரும்பகுதி கண்டத்தோடு ஒட்டிய நிலம். நியூபோர்ட் நகரம் இருக்கிற அக்விட்னெக் தீவுக்கு இருந்த பழைய பெயர் மாநிலம் முழுதுக்கும் ஆகிவிட்டது.

1860 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 1,74,620 பேர். இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்த இடத்தின் கணக்கில்தான் போர் முடிவதற்குள் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் மாலுமிகளும் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் போர் இது? யாருக்கும் யாருக்கும் சண்டை?

1861 முதல் 1865 வரை அமெரிக்காவுக்குள்ளேயே நடந்த போர். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் பிரிந்து தனி நாடு என்று அறிவித்தன. 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்ட்டர் கோட்டைமேல் அவர்கள் சுட்டதில் போர் தொடங்கியது. ரோட் ஐலண்ட் வடக்குப் பக்கம், அதாவது லிங்கனின் பக்கம்.

நாட்டுக்குன்னு ஒரு ராணுவம் இருக்கும்போது மாநிலம் எதுக்குத் தனியாப் படை திரட்டணும்?

அன்றைக்கு மத்திய அரசின் நிரந்தர ராணுவம் சுமார் 16,000 பேர்தான். அதிலும் பெரும்பாலானோர் மேற்கு எல்லைப் பக்கம் சிறு சிறு கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். ஒரு கண்டத்தின் பாதியோடு போர் என்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏப்ரல் 15 அன்று லிங்கன் மாநிலங்களிடம் 75,000 பேரைக் கேட்டார், மூன்று மாதத்துக்கு மட்டும். ஏன் மூன்று மாதம் என்றால், மாநிலங்களின் மிலிஷியாவை, அதாவது உள்ளூர்க் குடிமக்கள் படையை, அதற்கு மேல் வைத்துக்கொள்ள அப்போதைய சட்டம் இடம் கொடுக்கவில்லை.

நடைமுறை இப்படி: ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று மத்திய அரசு ஒரு பங்கு சொல்லும். ஆளுநர் ஆள் சேர்ப்பார், கர்னல் முதலான அதிகாரிகளை நியமிப்பார், உடுப்பும் துப்பாக்கியும் ஏற்பாடு செய்வார். அப்புறம் மத்திய அரசின் அதிகாரி ஒருவர் வந்து வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி வாங்கிக்கொள்வார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்கள் அமெரிக்க ராணுவம். ஆனால் பெயரும் கொடியும் மாநிலத்துடையதுதான். "2-வது ரோட் ஐலண்ட்" என்றால் எல்லாருக்கும் புரியும்.

ஒரு ரெஜிமென்ட்ல எத்தனை பேர் இருப்பாங்க?

ஏட்டுக் கணக்கில் சுமார் ஆயிரம் பேர். நூறு பேர் கொண்ட பத்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு ரெஜிமென்ட். பீரங்கிப் படைக்குப் பேட்டரி என்று பெயர், ஆறு பீரங்கியும் நூற்றைம்பது ஆள் வரைக்கும் இருக்கும்.

ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களாகவே இருக்கும். ஒரே ஆலையில் நெசவு பார்த்தவர்கள், ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சேர்ந்தே பெயர் கொடுப்பார்கள். இதனால் படைக்குள் ஒட்டுறவு அதிகம். மறுபக்கம், ஒரு வயல்வெளியில் அரை மணி நேரம் மோசமாகப் போனால் ஒரு தெருவே துக்கத்தில் விழும். பெரிய மாநிலங்களுக்கும் இது உண்டு என்றாலும் இவ்வளவு சின்ன இடத்தில் செத்தவனைத் தெரியாதவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் படைகளைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

மொத்தம் எத்தனை ரெஜிமென்ட்? நம்பர் வரிசையில 6, 8, 13 காணோமே?

காணாமல் போகவில்லை, அவை முழுசாக உருவாகவே இல்லை. 6-வது ரெஜிமென்ட்டை 1862 ஆகஸ்டில் கறுப்பின மக்களைக் கொண்டு எழுப்ப ஆளுநர் அறிவித்தார், அது நடக்கவில்லை. 8, 13 இரண்டும் ஆரம்பத்திலேயே நின்றுபோயின.

களத்துக்குப் போனவற்றைச் சொன்னால்: 1-வது, மூன்று மாதப் படை. 2, 4, 7 மூன்றும் மூன்று வருடக் காலாட்படைகள். 3-வதும் 5-வதும் காலாட்படையாகத் தொடங்கிக் கனரகப் பீரங்கிப் படையாக மாறின. 9-ம் 10-ம் 1862-இல் வாஷிங்டனைக் காக்க மூன்று மாதத்துக்குப் போனவை. 11-ம் 12-ம் ஒன்பது மாதப் படைகள். 14-வது, கறுப்பினப் பீரங்கிப் படை, அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது. இவை போகக் குதிரைப் படை, அப்புறம் இந்த மாநிலத்துக்கே பேர் வாங்கித் தந்த இலகு பீரங்கி ரெஜிமென்ட். அதில் ஏ முதல் எச் வரை எட்டு பேட்டரிகள்.

லிங்கன் கேட்ட அஞ்சாவது நாளே முதல் படை கிளம்பிடுச்சாமே, எப்படி?

ஏப்ரல் 15 அழைப்பு, 20-ஆம் தேதி முதல் பகுதி பிராவிடன்ஸ் துறையில் கப்பலேறிவிட்டது. ஊர் ஊராக மிலிஷியா கம்பெனிகள் ஏற்கெனவே இருந்தது ஒரு காரணம். இன்னொன்று, ஆளுநர் வில்லியம் ஸ்ப்ரேக். முப்பது வயது, பெரிய துணி ஆலைக் குடும்பம், கையில் பணம், அதைச் செலவழிக்கத் தயக்கம் இல்லை. நியூயார்க்கில் ரயில் கம்பெனி வேலையில் இருந்த ஆம்ப்ரோஸ் பர்ன்சைட்டுக்குத் தந்தி கொடுத்தார், அவர் உடனே வந்து கர்னல் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

சீருடைக்கு நேரம் இல்லை. தொளதொளப்பான நீலச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை என்று எளிதாகத் தைக்கக்கூடியதாக முடிவு செய்தார்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து இரவு பகலாகத் தைத்தார்கள். ஆளுக்கு ஒரு சிவப்புக் கம்பளி. நடுவில் கிழித்துத் தலையை நுழைத்துக்கொண்டால் அதுவே மழைக்கோட்டு. அந்தச் சிவப்புக் கம்பளியை வைத்தே வாஷிங்டனில் இவர்களை அடையாளம் கண்டுகொள்வார்களாம்.

ஃபர்ஸ்ட் ரோட் ஐலண்ட் கறுப்பர்கள் படைதானே? நான் படிச்சிருக்கேனே.

நீங்கள் படித்தது சரி, போர்தான் வேறு. அது 1778-இல், பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில். ஆள் கிடைக்காமல் திண்டாடிய ரோட் ஐலண்ட், படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் போட்டு அந்த ரெஜிமென்ட்டை உருவாக்கியது. 1861-இன் 1-வது ரோட் ஐலண்ட் முழுக்க வேறு படை, அதில் வெள்ளையர்கள்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் இங்குள்ளவர்களுக்கே வருகிறது.

சம்பளம் உண்டா? தன்னார்வம்னா சும்மா போறதுதானே?

சம்பளம் உண்டு. தன்னார்வம் என்றால் கட்டாயப்படுத்தாமல் தானாக வந்து சேர்வது, இலவச சேவை என்று பொருள் இல்லை. 1861 ஆகஸ்டுக்குப் பிறகு சாதாரண சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். மாதாமாதம் ஒழுங்காக வராது, நான்கைந்து மாதம் சேர்ந்து வந்தால் அதிர்ஷ்டம். வீட்டில் இருக்கிற மனைவி மக்கள் அதுவரை நகராட்சி உதவியையும் கடைக்காரரின் கடனையும் நம்பித்தான் ஓட்டினார்கள்.

உண்மையிலேயே எல்லாரும் விரும்பித்தான் போனாங்களா?

1861-இல் ஆமாம், பெரும்பாலும். இடமில்லை என்று திருப்பி அனுப்பும் அளவுக்குக் கூட்டம். பாடக்ஸெட் கிராமத்து எலிஷா ஹன்ட் ரோட்ஸ் என்ற 19 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் தலைவரான அப்பா இறந்துவிட்டார், விதவைத் தாய், இவன் சம்பளம்தான் வீட்டுக்கு. அம்மா முதலில் கூடாது என்றுவிட்டார், பிறகு மனசு மாறி அனுப்பிவைத்தார். 2-வது ரெஜிமென்ட்டில் கீழ்நிலையில் சேர்ந்த அந்தப் பையன் நான்கு வருடமும் உயிரோடு தாக்குப்பிடித்து, 1865-இல் அதே ரெஜிமென்ட்டை நடத்தும் அதிகாரியாகத் திரும்பி வந்தான். அவன் எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது.

1862 கோடைக்குப் பிறகு நிலைமை மாறியது. சாவுச் செய்திகளும் கைகால் இல்லாதவர்களும் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆள் சேர்க்க ரொக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள், தொகை ஏறிக்கொண்டே போனது. 1863 மார்ச்சில் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தது. குலுக்கலில் பெயர் வந்தவர் 300 டாலர் கட்டியோ தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பியோ தப்பிக்கலாம். அதாவது ஏறக்குறைய இரண்டு வருடச் சிப்பாய் சம்பளம் கையில் இருந்தால் போக வேண்டாம். ஏழைக்கு இந்த வழி இல்லை. எனக்கு இது இன்று படித்தாலும் ஆறாத விஷயம். அதனால் "தன்னார்வம்" என்ற சொல்லை 1861-க்கும் 1864-க்கும் ஒரே அர்த்தத்தில் சொல்லக் கூடாது.

பெண்கள் யாராவது போனாங்களா?

கேடி பிரவுனல் என்பவர் பெயர் பதிவில் இருக்கிறது. கணவர் ராபர்ட் முதல் ரெஜிமென்ட்டில் சேர்ந்ததும் இவரும் கூடவே போய்விட்டார். புல் ரன் களத்தில் கொடியோடு நின்றார். பிறகு இருவரும் 5-வது படையோடு வட கரோலினா போனார்கள். 1862 மார்ச்சில் நியூ பெர்ன் சண்டையில், காட்டுக்குள்ளிருந்து வந்த தங்கள் படையை எதிரி என்று நினைத்து இன்னொரு வடக்குப் படை சுடப் பார்த்தபோது, இவர் கொடியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடித் தடுத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சி. பிற்காலத்தில் அவருக்கு ஓய்வூதியமும் கிடைத்தது.

புல் ரன் புல் ரன்னு சொல்றீங்களே, அங்க என்னதான் ஆச்சு?

1861 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனிலிருந்து ஒரு நாள் தூரத்தில், வர்ஜீனியாவில். போரின் முதல் பெரிய சண்டை. நீண்ட சுற்றுவழியில் எதிரியின் பக்கவாட்டுக்குப் போன வடக்குப் படையின் முன்னணியில் இருந்தது 2-வது ரோட் ஐலண்ட். இரவு முழுக்க நடந்து, காலையில் மேத்யூஸ் ஹில் என்ற மேட்டில் ஏறிய உடனே சண்டை பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த ரெஜிமென்ட்கள் அணி பிரிந்து வந்து சேரும்வரை இவர்கள் ஏறக்குறையத் தனியாகவே நின்றார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் ஆலையிலும் கடையிலும் இருந்த பையன்கள்.

கர்னல் ஜான் ஸ்லோகம் தலையில் சுடப்பட்டு விழுந்தார். மேஜர் சல்லிவன் பல்லூவின் குதிரைமேல் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் சிதைந்தது. சட்லி தேவாலயத்தை மருத்துவமனையாக்கி இருந்தார்கள், அங்கே காலை எடுத்தார்கள். சாயங்காலம் வடக்குப் படை தோற்று ஓடியபோது காயம்பட்டவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. ஸ்லோகமும் பல்லூவும் எதிரியின் கையில் இருந்தபடியே இறந்து, தேவாலயத்துப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் ஆளுநர் ஸ்ப்ரேக் உடல்களைக் கொண்டுவர நேரிலேயே போனார். அப்போதுதான் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்: தெற்குச் சிப்பாய்கள் கல்லறையைத் தோண்டி ஓர் உடலை எடுத்து எரித்துவிட்டார்கள் என்று. கர்னலின் உடல் என்று நினைத்து அவர்கள் எடுத்தது பல்லூவை. சாம்பலும் எலும்பும்தான் கிடைத்தன. அவற்றைத்தான் பிராவிடன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள், ஸ்வான் பாயின்ட் இடுகாட்டில் இருக்கிறது.

அந்த மேஜர் மனைவிக்கு எழுதின கடிதம் உண்மையா, கட்டுக்கதையா?

புல் ரன்னுக்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 14 தேதியிட்ட கடிதம். பல்லூவுக்கு 32 வயது, வழக்கறிஞர், மாநிலச் சட்டசபையில் சபாநாயகராக இருந்தவர். மனைவி சாராவுக்கு 24, இரண்டு சின்ன ஆண் குழந்தைகள். தான் திரும்பாமல் போகலாம் என்று உணர்ந்து, நாட்டுக்கான கடமையும் அவள்மேல் உள்ள அன்பும் தன்னை இரண்டு பக்கமும் இழுப்பதைச் சொல்கிறார். கடிதம் தபாலில் சேர்க்கப்படாமல் அவர் பெட்டியில் இருந்து சாராவிடம் வந்து சேர்ந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். 1990-இல் ஓர் ஆவணப்படத்தில் வாசிக்கப்பட்ட பிறகு உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம், அவர் கைப்பட எழுதிய மூலப் பிரதி கிடைக்கவில்லை என்பது. இன்று இருப்பவை பிறர் எடுத்த நகல்கள், அவற்றுக்குள் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. என்னைக் கேட்டால், கடிதத்தில் உள்ள வீட்டு விவரங்கள் அந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகின்றன, நான் நம்புகிறேன். சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை, 1917 வரை வாழ்ந்தார்.

வடக்குப் படைக்குத்தானே நீல உடுப்பு? நீல உடுப்பு போட்டவங்களையே நீல உடுப்பு போட்டவங்க சுட்டாங்கன்னு சொல்றாங்களே, அது எது?

4-வது ரோட் ஐலண்டுக்கு மேரிலாந்து மாநிலத்தின் ஆன்டீட்டத்தில் நடந்தது, 1862 செப்டம்பர் 17. சண்டையின் கடைசிக் கட்டத்தில் அவர்கள் ஆள் உயரச் சோளக்கொல்லை ஒன்றுக்குள் இருந்தார்கள். பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரில் நீல உடுப்பு தெரிகிறது. நம்மவர்களா, அவர்களா? சுடாதே என்று ஒரு குரல், சுடு என்று ஒரு குரல். உண்மையில் அது ஏ. பி. ஹில்லின் தெற்குப் படை. இரண்டு நாள் முன்னால் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வடக்கின் கிடங்கைப் பிடித்தபோது கிடைத்த புது உடுப்பை அவர்களில் பலர் போட்டிருந்தார்கள். இவர்கள் தயங்கிய நேரத்தில் அவர்கள் சுட்டார்கள், படை உடைந்து பின்வாங்கியது. 4-வது படையின் முன்னாள் கர்னல் ஐசக் ராட்மன் அன்று பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த ஒரு டிவிஷனுக்கே தலைவர், ரோட் ஐலண்டின் தென்பகுதியைச் சேர்ந்தவர். மார்பில் குண்டு பாய்ந்து மாத முடிவில் இறந்தார்.

பர்ன்சைட் தலைமையில இத்தனை பேர் செத்தும் இந்த ஊர்க்காரங்க அவரையே ஆளுநராக்கினாங்களாமே?

ஆமாம், 1866 தொடங்கித் தொடர்ந்து மூன்று முறை. பிறகு செனட்டராகி 1881-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். கன்னத்தில் கிருதாவை மீசையோடு சேர்த்து வளர்த்திருப்பார், ஆங்கிலத்தில் கிருதாவுக்கு வழங்கும் சைட்பர்ன்ஸ் என்ற சொல்லே அவர் பெயரைத் திருப்பிப் போட்டு வந்ததுதான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1862 டிசம்பர் 13, ஃபிரெடரிக்ஸ்பர்க். மொத்தப் படைக்கும் அவர்தான் தளபதி. மேட்டின்மேல் கல் சுவருக்குப் பின்னால் எதிரி நிற்க, திறந்த வெளியில் அலை அலையாக ஆட்களை அனுப்பினார். மூன்று மாதம் முன்புதான் கிளம்பிய 7-வது ரோட் ஐலண்டில் அன்று ஒரே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 150-க்கு மேல், துணைக் கர்னல் வெல்கம் சேல்ஸ் உட்பட. 1864-இல் பீட்டர்ஸ்பர்க்கில் சுரங்கம் வெடித்த பள்ளத்தில் நடந்த பேரழிவும் அவர் பொறுப்பில் இருந்த படைக்குத்தான்.

அப்படியும் ஏன்? அவர் தோல்விக்குப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், கீழே உள்ளவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த வேலைக்கு நான் தகுதியில்லை என்று சொல்லித்தான் பெரிய பதவியையே முதலில் மறுத்திருந்தார். சிவப்புக் கம்பளியோடு அவரோடு முதலில் போனவர்களுக்கு அவர் கடைசிவரை "நம்ம ஆள்"தான். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நல்ல மனிதர் என்பதற்காக அந்தக் கல் சுவரை மறக்க முடியாது.

அடிமை முறையை எதிர்த்துப் போனாங்கன்னு சொல்றீங்க, ஆனா இந்த ஊர் ஆலைகளுக்குப் பருத்தி தெற்கிலிருந்துதானே வந்தது?

நல்ல கேள்வி. பருத்தி மட்டும் இல்லை. தென் மாநில அடிமைகள் உடுத்திய முரட்டுத் துணியையே இங்கேதான் நெய்தார்கள், தோட்ட முதலாளிகளுக்கு விற்க. அதற்கு முந்தைய நூற்றாண்டில் நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அடிமைக் கப்பல்கள் போயின. அமெரிக்காவிலேயே அந்த வியாபாரத்தில் முன்னணியில் இருந்த இடம் இது.

அதனால் 1860-இல் இங்கே பலருக்குத் தெற்கைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை. ஸ்ப்ரேக் அந்த வருடம் ஆளுநரானதே, அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த வேட்பாளரைத் தோற்கடித்துத்தான். பின்னால் அவர்மேலேயே, போர் நடக்கும்போது டெக்சாஸ் வழியாகப் பருத்தி எடுக்க எதிரிக்கு ஆயுதம் போன வியாபாரத்தில் பங்கு உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. செனட் விசாரித்தது, நிரூபிக்கப்படவில்லை. 1861-இல் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் நாடு உடையக் கூடாது என்பதற்காகவே போனார்கள். அடிமை முறை ஒழிய வேண்டும் என்பது சிலருக்கு முதலிலிருந்தே இருந்தது, பலருக்குத் தெற்கில் கண்ணால் பார்த்த பிறகு வந்தது.

14-வது படையைப் பத்தித் தனியாச் சொல்றேன்னீங்களே?

14-வது ரோட் ஐலண்ட் கனரகப் பீரங்கிப் படை, 1863-இல் தொடங்கியது. சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். நாரகன்செட் விரிகுடாவில் உள்ள டச் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் கடல் காற்றில் கூடாரம் போட்டுப் பயிற்சி. ஏறக்குறைய 1,800 பேர். ஆனால் மாநிலத்தில் இருந்த மொத்தக் கறுப்பின மக்களே, குழந்தைகள் கிழவர்கள் உட்பட, நாலாயிரத்துக்குள்தான். அதனால் பெரும்பாலோர் நியூயார்க், கனெக்டிகட் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். மேலே இருபத்து மூவாயிரம் என்று சொன்ன கணக்கில் இவர்களும் அடக்கம். சேர்ந்ததற்காக வர வேண்டிய ரொக்கத்தில் பெரும்பகுதியை ஆள்பிடித் தரகர்கள் பலரிடம் ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவர்களை லூசியானாவுக்கும் ஒரு பிரிவை டெக்சாஸ் கரைக்கும் அனுப்பினார்கள். சம்பளம் என்ன தெரியுமா? வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் என்றேன். இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம், கையில் 7. வாங்க மாட்டோம் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமச் சம்பளம் கொடுத்தது, அதாவது அவர்கள் கேட்டது நியாயம் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் லூசியானாவின் பிளாக்கமின் பக்கம் எதிரியிடம் பிடிபட்ட மூன்று பேரைச் சிறைபிடிக்காமல் சுட்டுக் கொன்றார்கள். கறுப்புச் சிப்பாய் பிடிபட்டால் அதுதான் நடக்கும் என்று தெரிந்தே அவர்கள் உடுப்பு மாட்டியிருந்தார்கள். பெரிய சண்டை இவர்களுக்குக் கிடைக்கவில்லை, நோய்தான் நிறையப் பேரைக் கொண்டுபோனது. இந்தப் படையின் பெயரையும் பின்னர் மத்திய அரசின் எண்ணுக்கு மாற்றினார்கள், மாநிலத்தின் பெயர் போய்விட்டது.

போய்த் திரும்பி வந்தவங்களுக்கு மாநிலம் என்ன செஞ்சது?

ஐரிஷ்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைகளில் வேலை பார்க்க வந்து குடியேறியவர்கள், எல்லா ரெஜிமென்ட்டிலும் இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர் இங்கே ஓட்டுப் போட வேண்டும் என்றால் 134 டாலர் மதிப்புள்ள நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. இங்கேயே பிறந்தவருக்கு அது கிடையாது. போரில் கையை இழந்தவனுக்கும் நிலம் இல்லை என்றால் ஓட்டு இல்லை. அந்தச் சொத்து விதி போரில் பணியாற்றியவர்களுக்கு 1886-இல்தான் நீங்கியது, மற்றவர்களுக்கு 1888-இல். கறுப்பினக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளிக்கூட முறையை 1866-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். போர் முடிந்து ஒரே வருடத்தில் அது நடந்தது, அதற்காகப் பல வருடம் போராடியவர்கள் இருந்தார்கள்.

செத்தவங்க பேரெல்லாம் எங்கயாவது இருக்கா?

பிராவிடன்ஸ் நடுவில், கென்னடி பிளாசா சதுக்கத்தில் சிப்பாய்கள், மாலுமிகள் நினைவுச் சின்னம் இருக்கிறது, 1871-இல் திறந்தது. சுற்றிலும் வெண்கலப் பலகைகளில் 1,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஊர் பெயரோடு குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். குண்டைவிட வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மலேரியாவில் போனவர்களே அதிகம், மொத்த வடக்குப் படைக்கும் அதே கதைதான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள், ஒரு பலகையையாவது முழுசாகப் படியுங்கள்.

சரி, அந்தப் பீரங்கி வாயில குண்டு எப்படி மாட்டுச்சு?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான், மற்றதெல்லாம் தெரிந்தால்தான் இது புரியும் என்று கடைசியில் வைத்தேன். அது பி பேட்டரியின் பீரங்கி, நெப்போலியன் வகை. 1863 ஜூலை 3, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க். தெற்குத் தளபதி பிக்கெட்டின் பெரும் தாக்குதலுக்கு முன்னால் தெற்குப் பீரங்கிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சரமாரியாகச் சுட்டுக்கொண்டிருந்தன. வில்லியம் ஜோன்ஸ் வாயருகே துடைக்கும் தண்டோடு நிற்கிறார், ஆல்ஃபிரட் கார்ட்னர் புதுக் குண்டை உள்ளே வைக்கக் கை நீட்டுகிறார். எதிரியின் வெடிகுண்டு ஒன்று நேராகப் பீரங்கியின் வாயில் வந்து மோதி வெடித்தது. ஜோன்ஸ் அந்த இடத்திலேயே போய்விட்டார். கார்ட்னருக்கு இடது கை தோளோடு பிய்ந்தது, தான் மகிழ்ச்சியோடு போவதாக மனைவிக்குச் சொல்லச் சொல்லிக் கடவுளைப் புகழ்ந்தபடியே இறந்தார்.

மீதியிருந்தவர்கள் பீரங்கியை விடவில்லை. இன்னொரு குண்டை எடுத்து வாயில் வைத்தார்கள். வாய் நசுங்கியிருந்ததால் இறங்கவில்லை, கோடரியால் அடித்துப் பார்த்தார்கள். அதற்குள் இன்னொரு குண்டு வந்து சக்கரத்தை உடைத்தது. சூடாக இருந்த வெண்கலம் ஆற ஆற அந்தக் குண்டைக் கவ்விக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. 1874-இல் பீரங்கி பிராவிடன்ஸுக்கு வந்து சேர்ந்தது.

அதுக்குள்ள மருந்து இருந்ததுன்னு சொல்றது நிஜமா?

நிஜம். குண்டு வாயிலேயே நின்றுவிட்டது, அதற்கு முன்னால் உள்ளே போன வெடிமருந்து அப்படியே கிடந்தது. அது தெரியாமல் கிட்டத்தட்ட நூறு வருடம் ஊர்வலம், விழா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலா எல்லாம் அதன் பக்கத்திலேயே நடந்தன. 1962-இல்தான் யாருக்கோ பொறி தட்டி, நிபுணர்களை வைத்துப் பத்திரமாக மருந்தை எடுத்தார்கள். குண்டை மட்டும் எடுக்கவில்லை. போனால் வாய் ஓரத்தின் பள்ளத்தைப் பாருங்கள், எதிரியின் குண்டு வந்து மோதிய இடம் அதுதான்.